சாட்சியில்லாத இடத்தில் அறம்: அறிவியல் புனைவின் நல்லவர்களும் அவர்களை வியப்போரும்

அறிவியல் புனைவில் வரும் நல்லவர்களே இன்றைய உரையின் பொருள். விண்கலங்களும் இயந்திர மனிதர்களும் வேற்றுக்கோள் உயிர்களும் நிறைந்த கதைகளில், அத்தனை வியப்புகளையும் கடந்து, பார்ப்பவரின் நெஞ்சம் ஏன் ஒரு நல்ல மனிதரிடத்திலோ, சில வேளைகளில் ஒரு நல்ல இயந்திரத்தினிடத்திலோ போய்த் தங்கிவிடுகிறது என்னும் வினாவே இங்கு ஆராயப்படுகிறது.

முதலில் அறிவியல் புனைவு என்பது யாது என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இன்றைய அறிவியல் அறிவிலிருந்து ஓரடியோ ஆயிரம் அடியோ முன்னே சென்று, இப்படியொன்று இயலுமானால் மனிதர் என்ன செய்வார்கள் என்று கேட்டு, அதற்குக் கிடைக்கும் விடையைக் கதையாக்கும் இலக்கிய வகையே அறிவியல் புனைவு. 1818ஆம் ஆண்டில் மேரி ஷெல்லி வெளியிட்ட பிராங்கன்ஸ்டைன் தொடங்கி இன்றைய திரைப்படங்கள் வரை இந்தக் கேள்வி மாறவில்லை. கருவிகள் மட்டுமே மாறிக்கொண்டிருக்கின்றன. கேள்வி கருவியைப் பற்றியதாகத் தோன்றினாலும் அதன் பின்பாதி எப்போதும் மனிதரைப் பற்றியது என்பதைக் கவனிக்கவேண்டும்.

நல்லவன் சுவையற்றவன், கெட்டவனே கதைக்கு உயிர் என்றொரு கருத்து எழுத்தாளரிடையிலும் திறனாய்வாளரிடையிலும் நெடுநாளாக நிலவுகிறது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. திரைப்பட வில்லன் டார்த் வேடரின் கருநிறத் தலைக்கவசமும் மூச்சொலியும் அவனுக்கு எதிராக நின்றவர்களின் முகங்களைவிட விரைவாக நினைவுக்கு வருகின்றன. ஆயினும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது: நினைவில் நிற்பதும் போற்றப்படுவதும் ஒன்றுதானா? நினைவில் நிற்பவனைக் கண்டு மக்கள் நடுங்கலாம், சிரிக்கலாம், அவனுடைய முகமூடியைப் பொம்மையாக வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். அவனைப்போல் வாழவேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்களா என்பது வேறு கேள்வி.

இதற்கு ஒரு நல்ல சான்று சூப்பர்மேனின் பிறப்பு வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் வாழ்ந்த ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரண்டு இளைஞர்கள் 1933ஆம் ஆண்டில், தாங்களே படியெடுத்து வெளியிட்ட ஒரு சிற்றிதழில், சூப்பர்மேன் என்ற பெயரைத் தாங்கிய ஒரு கதையை வெளியிட்டனர். அந்தச் சூப்பர்மேன் நல்லவன் அல்லன். உணவுக்காக வரிசையில் நின்ற ஓர் ஏழையைப் பிடித்து ஒரு விஞ்ஞானி மருந்தொன்றைச் சோதித்துப் பார்க்க, பிறர் எண்ணங்களை அறியவும் அடக்கவும் வல்லவனாகிவிடும் அந்த ஏழை, கிடைத்த ஆற்றலைக் கொண்டு உலகையே ஆள முயல்கிறான். இறுதியில் மருந்தின் வேகம் தணிந்து, பழைய உணவு வரிசைக்கே அவன் திரும்ப நேர்கிறது. அந்தக் கதையை இன்று ஆராய்ச்சியாளரைத் தவிர வேறு யார் படிக்கிறார்கள்? அதே இருவர், அதே பெயரை, 1938ஆம் ஆண்டில் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழில் ஒரு நல்லவனுக்குச் சூட்டினர். அவன் முதல் இதழிலேயே, செய்யாத கொலைக்காக மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஆளுநரின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிறான். மனைவியை அடிக்கும் ஒருவனைத் தடுத்து நிறுத்துகிறான். இன்று அவன் மார்பிலுள்ள எழுத்தை அறியாத நாடு உலகில் அரிது.

பெயர் ஒன்று, படைத்தவர்களும் அதே இருவர், அளவிறந்த ஆற்றலும் இருவருக்கும் பொது; அந்த ஆற்றலை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்பதில்தான் வேற்றுமை. மக்கள் எதைத் தேர்ந்தார்கள் என்பதற்கு வரலாறே சாட்சி.

ஆற்றலுக்கும் அறத்துக்கும் உள்ள இந்த உறவு பழைய மெய்யியல் வினா. கிரேக்க அறிஞர் பிளேட்டோ தம் குடியரசு என்னும் நூலின் இரண்டாம் பகுதியில், அணிந்தவரைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும் ஒரு மோதிரத்தைப் பற்றிய கதையை ஓர் உரையாடலில் வைக்கிறார். அந்த மோதிரம் ஆடு மேய்ப்பவன் ஒருவனுக்குக் கிடைக்க, அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியைப் பிடிக்கிறான். பிடிபடமாட்டோம் என்று உறுதியானால் எவன்தான் நேர்மையாக இருப்பான் என்பது அக்கதை எழுப்பும் கேள்வி. அறிவியல் புனைவு என்பதே இந்த மோதிரத்தைப் புதிய புதிய வடிவங்களில் வார்த்துக்கொடுக்கும் கலை என்று சொல்லிவிடலாம். 1897ஆம் ஆண்டில் எச். ஜி. வெல்ஸ் மறையும் மனிதனைப் பற்றி எழுதினார். அவருடைய கிரிஃபின் என்னும் விஞ்ஞானி, கண்ணுக்குப் புலப்படாத நிலையை அடைந்ததும் திருடுகிறான், தாக்குகிறான், பிறகு ஓர் ஊரையே அச்சத்தால் ஆளத் திட்டமிடுகிறான். பிளேட்டோ வைத்த ஆட்டிடையனும் வெல்ஸ் படைத்த விஞ்ஞானியும் ஒரே வழியில் நடந்தார்கள்.

அப்படியானால் மோதிரத்தை அணிந்தும் திருடாத ஒருவன் வந்தால் என்ன ஆகும்? அவன்தான் அறிவியல் புனைவின் நல்லவன். அன்றாட வாழ்வில் ஒருவர் நேர்மையாக நடக்கும்போது, அது அவருடைய இயல்பா, காவல் நிலையத்தின் மீதுள்ள அச்சமா, அக்கம்பக்கத்தாரின் வாய்க்கு அஞ்சியதா என்று பிரித்தறிய வழியில்லை. பறக்கத் தெரிந்தவனை, காலத்தில் பின்னோக்கிப் போகக்கூடியவனை, ஒரு கோளையே எரிக்கும் படைக்கலத்தைக் கையில் வைத்திருப்பவனை எந்தக் காவல் நிலையம் தடுக்கும்? அவன் நல்லது செய்தால் அது முழுக்க முழுக்க அவன் தேர்ந்தது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த மேன் ஆஃப் ஸ்டீல் படத்தின் இறுதியில் சூப்பர்மேன் தன் எதிரியின் கழுத்தை முறித்துக் கொன்றபோது, ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று கதையே காட்டியிருந்தும், இரசிகர் கூட்டத்தில் பெரும் சச்சரவு எழுந்தது. ஆயிரம் படங்களில் ஆயிரம் நாயகர்கள் எதிரியைக் கொல்கிறார்கள், அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இவன் கொன்றபோது மட்டும் மக்கள் காயப்பட்டது ஏன்? கொல்ல முடிந்தும் கொல்லாதவன் என்பதாலேயே அவனை அவர்கள் போற்றிவந்தார்கள்.

இங்கே உளவியலார் சொல்வதையும் கேட்கவேண்டும். கதை பார்க்கும் மக்கள் பாத்திரங்களின் செயல்களை ஓயாமல் அறத் தராசில் நிறுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்றும், அந்த எடையைப் பொறுத்தே யார் மீது விருப்பம், யார் மீது வெறுப்பு என்பது முடிவாகிறது என்றும் டால்ஃப் சில்மன் என்னும் ஊடக உளவியலார் விளக்கினார். ஜானதன் ஹைட் என்னும் மற்றோர் உளவியலார், பிறர் செய்யும் அரிய நற்செயலைக் காணும்போது மார்பில் ஒரு வெதுவெதுப்பும் தொண்டையில் ஓர் அடைப்பும், தாமும் யாருக்கேனும் உதவவேண்டும் என்னும் உந்துதலும் தோன்றுவதைத் தனி உணர்ச்சியாகவே வகைப்படுத்தினார். தமிழில் அதை அறவுயர்ச்சி எனலாம். இந்த உணர்ச்சி உடலிலும் தன் தடத்தைப் பதிக்கிறது. ஜென்னிஃபர் சில்வர்ஸ் என்பவரோடு சேர்ந்து 2008ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வில், பாலூட்டும் தாய்மாரில் ஒரு சாராருக்கு நெஞ்சை உயர்த்தும் காட்சியும் மற்றொரு சாராருக்கு நகைச்சுவைக் காட்சியும் காட்டப்பட்டன. முதல் சாராரிடம் பால் சுரப்பதும், குழந்தையை எடுத்து அணைத்துப் பாலூட்டுவதும் மிகுதியாகக் காணப்பட்டன.

இன்னும் பேசத்தெரியாத குழந்தைகளே உதவுபவரை விரும்புகின்றன என்று 2007ஆம் ஆண்டில் வெளிவந்து புகழ்பெற்ற ஓர் ஆய்வும் உண்டு. பின்னாளில் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒன்றுசேர்ந்து அதைத் திரும்பச் செய்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை. ஆகவே நல்லவரை வியத்தல் பிறவிக்குணம் என்று இந்த மேடையிலிருந்து அடித்துச் சொல்வதற்கில்லை.

அது கிடக்கட்டும். உளவியலார் கூறியவை எல்லாக் கதைகளுக்கும் பொருந்துவன. நல்லதங்காள் கதைக்கும் பொருந்தும், அரிச்சந்திரன் நாடகத்துக்கும் பொருந்தும். அறிவியல் புனைவுக்கென்று தனியே என்ன இருக்கிறது? அரிச்சந்திரனையே எடுத்துக்கொள்வோர்க்கு விடை கிடைக்கும். நாட்டை இழந்தான், மனைவியை விற்றான், சுடலை காத்தான். பொய் மட்டும் சொல்லவில்லை. விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தைப் பார்த்து அழாத ஊர் தமிழகத்தில் இல்லை. ஆனால் விடியும் தறுவாயில் தெய்வம் தோன்றுகிறது. இறந்த மகன் எழுகிறான். நாடும் முடியும் திரும்புகின்றன. அழுத கண்ணோடு வீடு திரும்பும் மக்களுக்கு, அறத்தின் கணக்கை மேலே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார் என்னும் ஆறுதல் கிடைக்கிறது.

அறிவியல் புனைவின் வானத்தில் அந்தக் கணக்கர் இல்லை. அங்கே விண்மீன்கள் இருக்கின்றன, கதிர்வீச்சு இருக்கிறது, எவருக்காகவும் வளையாத இயற்கை விதிகள் இருக்கின்றன. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாவது ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தின் இறுதிப் பகுதி இதற்குத் தக்க சான்று. கலம் வெடிப்பின் எல்லைக்குள் சிக்கியிருக்கிறது. இயந்திர அறைக்குள் கொடுங்கதிர்வீச்சு நிரம்பியிருக்கிறது. உள்ளே சென்று பழுது நீக்கினால் கலம் பிழைக்கும், சென்றவர் பிழைக்கமாட்டார். ஸ்பாக் என்னும் அதிகாரி, தடுக்கவந்த மருத்துவரை மயங்கச் செய்துவிட்டு உள்ளே போகிறார். கலம் தப்புகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவர் உயிர் பிரிகிறது. இப்பால் நிற்கும் நண்பர் கிர்க்கால் கண்ணாடியின் மீது கைவைக்க மட்டுமே முடிகிறது. ஸ்பாக்கின் இனத்தார் உணர்ச்சிக்கு இடங்கொடாது தருக்கத்தின்படி வாழ்பவர்கள். அவரும் தம் செயலுக்குத் தருக்கமே காரணம் என்கிறார். பரிசு எதிர்பார்க்கவில்லை, புகழ் எதிர்பார்க்கவில்லை, மறுமை எதிர்பார்க்கவில்லை. பலரின் உயிர் ஒருவரின் உயிரைவிடக் கனமானது என்ற கணக்கு சரியாக இருந்தது, அவ்வளவே.

இங்கே ஒரு குறும்பான மறுப்பு எழலாம். அடுத்த படத்திலேயே ஸ்பாக் உயிர்த்தெழுந்துவிட்டாரே என்று யாரேனும் கேட்கலாம். உண்மைதான், 1984ஆம் ஆண்டில் அவர் திரும்பிவந்தார், தயாரிப்பாளரின் வருவாய்க் கணக்கும் அதற்கொரு காரணம் என்று எண்ண இடமுண்டு. ஆனால் அந்தக் கதையும் அவரை இலவசமாகத் திருப்பித் தரவில்லை. அவரை மீட்கப் போன கிர்க் தம் மகனை இழந்தார், தம் கலத்தையும் இழந்தார். அரிச்சந்திரனுக்குத் திரும்பக் கிடைத்ததுபோல் எல்லாம் திரும்பக் கிடைக்கவில்லை.

தெய்வமும் காவலும் இல்லாத வெளியில் நல்லவன் நிற்கிறான் என்று இதுவரை கண்டோமானால், அதைவிடக் கடினமான ஒரு கேள்வியை இனிக் கேட்கவேண்டும். யாரிடத்தில் நல்லவனாக இருப்பது? உறவினரிடத்திலா, ஊராரிடத்திலா, மனித இனத்தாரிடத்திலா? இந்தக் கேள்வியில்தான் அறிவியல் புனைவு மற்ற எல்லாக் கதைகளையும் விஞ்சுகிறது; ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்பது தகும்.

1989ஆம் ஆண்டில், ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் அடுத்த தலைமுறைக் கதைகளில், ஒரு மனிதனின் அளவு என்னும் பொருள்பட்ட தலைப்புடைய பகுதி ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் மெலிண்டா ஸ்நாட்கிராஸ். எழுத்துக்கு வருமுன் வழக்கறிஞராக இருந்தவர். கதையின் நடுவில் நிற்பது டேட்டா என்னும் ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவில் செய்யப்பட்ட இயந்திரம். விண்படையில் அதிகாரியாகப் பணியாற்றும் அந்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, அதைப்போல் ஆயிரக்கணக்கில் செய்யவேண்டும் என்று புரூஸ் மாடக்ஸ் என்னும் விஞ்ஞானி ஆணையோடு வருகிறார். அவருடைய செய்முறையில் தன் நினைவுகளின் உயிர்ப்பு அழிந்துபோகும் என்று அஞ்சி டேட்டா பதவியைத் துறக்க முன்வருகிறது. மாடக்ஸோ, பொருள் எப்படிப் பதவி விலக முடியும் என்று கேட்கிறார். விண்படைக்கு உரிமையான கணினி, எனக்கு இவ்வேலை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

வழக்கு எல்லைப்புற நிலையமொன்றில் புதிதாகத் திறக்கப்பட்ட சட்ட அலுவலகத்துக்கு வருகிறது. அங்கே வழக்காடப் போதிய ஆள் இல்லை. எனவே கலத்தின் தலைவர் பிகார்ட் டேட்டாவுக்காகவும், துணைத்தலைவர் ரைக்கர் டேட்டாவுக்கு எதிராகவும் வாதிடவேண்டும் என்று நீதிபதி பிலிப்பா லூவா பணிக்கிறார். ரைக்கர் டேட்டாவின் நண்பர், மறுக்கிறார். அவர் மறுத்தால் டேட்டா வெறும் பொருளே என்று வாதம் கேளாமல் தீர்ப்பெழுதிவிடுவேன் என்று நீதிபதி சொல்லவே, வேறு வழியின்றி உடன்படுகிறார். உடன்பட்டபின் அரைமனத்தோடு செய்யவில்லை என்பதே கதையின் கொடுமை. உலோகக் கோல் ஒன்றை டேட்டாவின் கையாலேயே வளைக்கச் செய்கிறார். பிறகு அந்தக் கையைக் கழற்றி எடுத்துக் காட்டுகிறார். இறுதியில் அதன் முதுகுப்புறம் நடந்து சென்று, அதன் இயக்கத்தை நிறுத்தும் ஒரு விசையை அழுத்துகிறார். டேட்டா கயிறறுந்த பொம்மையாக மேசைமேல் சாய்கிறது. அறை அமைதியாகிறது. வழக்கு முடிந்துவிட்டதாகவே தோன்றுகிறது.

பிகார்ட் இடைவேளை கேட்டு, கைனன் என்னும் பெண்ணிடம் போகிறார். கருப்பினப் பெண்ணொருவர் நடித்த அந்தப் பாத்திரம், பிறர் செய்ய விரும்பாத வேலைகளைச் செய்வதற்கென்று பயன்படுத்தித் தூக்கியெறியத்தக்க ஓர் இனத்தையே உருவாக்கியவர்கள் வரலாற்றில் உண்டு என்று மட்டும் மென்மையாக நினைவூட்டுகிறது. அடிமைமுறை என்ற சொல்லை உச்சரிப்பது பிகார்டின் பொறுப்பாகிறது. நீதிமன்றத்துக்குத் திரும்பியதும் அவர் டேட்டாவின் பெட்டியைத் திறக்கிறார். அதில் பதக்கங்கள் இருக்கின்றன, பரிசாகக் கிடைத்த நூல் ஒன்று இருக்கிறது, இறந்துபோன தோழி ஒருத்தியின் உருவப்படம் இருக்கிறது. எதற்கும் பயன்படாத இவற்றை ஒரு கருவி ஏன் கட்டி வைத்துக்கொள்ளவேண்டும்? அறிவு, தன்னையறிதல், உணர்வுநிலை ஆகிய மூன்றும் உள்ளதே உயிருணர்வுடையது என்று மாடக்ஸே இலக்கணம் சொல்ல, முதலிரண்டும் டேட்டாவிடம் இருப்பதைக் காட்டிவிட்டு, மூன்றாவதை யாரிடத்திலேனும் எவரேனும் மெய்ப்பிக்க இயலுமா என்று பிகார்ட் கேட்கிறார். டேட்டாவுக்கு ஆன்மா உண்டா என்று தமக்குத் தெரியாது, அதைத் தேடிப்பார்க்கும் உரிமை அதற்கு உண்டு என்பதே நீதிபதியின் தீர்ப்பு.

இந்தப் பகுதியைப் பார்த்தவர்கள் யாரை வியந்தார்கள்? பிகார்டை வியந்தார்கள் என்பது எளிய விடை. சற்று ஆழ்ந்து பார்த்தால், தீர்ப்புக்குப் பின் நிகழும் இரு சிறு செயல்களே நெஞ்சில் தைக்கின்றன. தன்னைப் பிரிக்கவந்த மாடக்ஸிடம், உங்கள் ஆய்வைத் தொடருங்கள், எனக்கும் அதில் ஆர்வம் உண்டு என்று டேட்டா பரிவோடு சொல்கிறது. பின்னர், வெட்கத்தால் கொண்டாட்டத்துக்கு வராமல் ஒதுங்கியிருக்கும் ரைக்கரைத் தேடிப்போய், அவர் தம் மனத்தைக் காயப்படுத்திக்கொண்டு வாதிட்டதனாலேயே தனக்கு வழக்கு என்ற ஒன்று கிடைத்தது என்று எடுத்துரைத்துத் தேற்றுகிறது. மனிதனா இயந்திரமா என்று மணிக்கணக்கில் வாதிட்டார்கள். வாதத்துக்குப் பொருளாயிருந்தது வாதம் முடிந்தபின் அவர்களையெல்லாம்விடச் சான்றாண்மையோடு நடந்துகொண்டது. அந்த இடத்தில் பார்வையாளரின் தீர்ப்பு நீதிபதியின் தீர்ப்பைத் தாண்டிப் போய்விடுகிறது.

இதே புதிரை ஐசக் அசிமோவ் 1946ஆம் ஆண்டிலேயே, சான்று என்னும் பொருளுடைய தலைப்பில் எழுதிய கதையில், தலைகீழாகப் போட்டுப் பார்த்தார். மனிதருக்குத் தீங்கு செய்யாமை, கட்டளைக்குக் கீழ்ப்படிதல், தற்காப்பு என்று இயந்திர மனிதருக்கு அவர் வகுத்த மூன்று விதிகள் புகழ்பெற்றவை. ஸ்டீஃபன் பயர்லி என்னும் வழக்கறிஞர் நகரத் தலைவர் தேர்தலில் நிற்கிறார். அவர் உண்பதையோ உறங்குவதையோ எவரும் கண்டதில்லை, அவர் மனிதரே அல்லர் என்று எதிரணியார் பழிசுமத்துகிறார்கள். இயந்திர மனிதர்களை ஆராயும் உளவியலாளரான சூசன் கால்வினை அழைத்துக் கேட்கிறார்கள். விதியொன்றை அவர் மீறினால் இயந்திரம் அல்லர் என்று தெளியலாம், மூன்று விதிகளையும் வழுவாமல் காத்தால் மட்டும் எதுவும் தெளியாது என்று அந்த அம்மையார் கூறுகிறார். ஏனெனில் மிக நல்ல மனிதன் ஒருவனும் அப்படித்தான் நடப்பான். பொதுக்கூட்டத்தில் வம்புக்கு வந்த ஒருவனைப் பயர்லி ஓங்கிக் குத்தியதும், ஐயம் நீங்கிய மக்கள் அவருக்கு வாக்களித்து வெற்றிபெறச் செய்கிறார்கள். மனிதன்தான் என்று மெய்ப்பிக்க ஒரு குத்து தேவைப்பட்டது! குத்து வாங்கியவனும் ஓர் இயந்திரமாக இருந்திருக்கலாமே என்று சூசன் கால்வின் பின்னர் சிரித்துக்கொண்டே சொல்வதோடு அசிமோவ் வாசகரை விட்டுவிடுகிறார். மக்கள் நல்லவரை வியக்கிறார்கள் என்பது மட்டுமன்று, மிதமிஞ்சிய நல்லவரைக் கண்டால் சந்தேகமும் கொள்கிறார்கள் என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதை வேறில்லை.

தமிழில் இந்த மரபைக் கொண்டுவந்தவர் சுஜாதா. அவருடைய என் இனிய இயந்திரா நாவலில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய், படித்துப் படித்துத் தானே சிந்திக்கத் தொடங்கி, நிலா என்னும் தனித்துவிடப்பட்ட பெண்ணின் பக்கம் நின்றதனாலேயே வாசகர் வீட்டுப் பிள்ளையாயிற்று. அவர் பங்கேற்ற எந்திரன், அவர் மறைவுக்குப்பின் 2010ஆம் ஆண்டில் திரைக்கு வந்தது. அதில் தீப்பிடித்த கட்டடத்திலிருந்து மக்களை மீட்கும் சிட்டி என்னும் இயந்திர மனிதன், குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அந்நிலையிலேயே தூக்கிவந்து கூட்டத்தின் நடுவிலும் படக்கருவிகளின் முன்னும் நிறுத்திவிடுகிறது. வெட்கம் தாளாமல் ஓடிய அவள் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். கட்டளையை இம்மியும் பிசகாமல் நிறைவேற்றிய இயந்திரம் ஒரு சாவுக்குக் காரணமாகிறது. படத்தின் பிற்பகுதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பாம்பாகவும் பந்தாகவும் உருவெடுத்து ஆடும் ஆர்ப்பாட்டத்தைவிட இந்தச் சிறு காட்சி ஆழமானது. கெடுதல் செய்யாமை வேறு, நல்லதை அறிந்து செய்தல் வேறு என்பதை அது காட்டிவிடுகிறது. நீதிமன்ற ஆணைக்குப் பணிந்து சிட்டி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றும்போது திரையரங்கில் எழுந்த விம்மல், முதல் பாதியில் அதன் வலிமைக்கு எழுந்த கைதட்டலைக் காட்டிலும் கனமானது.

நல்லதை அறிதல் எளிதா? நல்லவன் எப்போதும் ஐயமின்றிச் செயல்படுகிறானா? இல்லை. டாக்டர் ஹூ என்னும் பிரித்தானியத் தொடரில் 1975ஆம் ஆண்டில் வந்த கதையொன்றில், டாக்டர் என்றே அழைக்கப்படும் காலப்பயணி, அண்டத்தையே அழிக்கப்போகும் டாலெக் என்னும் கொடிய இனம் பிறக்கும் இடத்துக்கே அனுப்பப்படுகிறார். இரண்டு கம்பிகளைக் கையில் பிடித்திருக்கிறார். முனைகளைச் சேர்த்தால் கருவிலேயே அந்த இனம் அழியும். உடனிருக்கும் பெண் சேருங்கள் என்கிறாள். அவர் கை நகரவில்லை. ஓர் இனத்தையே அழித்தால் அவர்களுக்கும் தமக்கும் என்ன வேறுபாடு, அவர்களுக்கு அஞ்சி ஒன்றுபடப்போகும் உலகங்களின் நட்பு என்னாவது என்று தயங்குகிறார். வேறொரு வழி பிறந்ததாகச் செய்தி வந்ததும் அவர் முகத்தில் தெரியும் விடுதலை உணர்ச்சியை மறக்க இயலாது. பின்னர் அந்த வழி மூடிப்போக, அவர் மீண்டும் அங்கே ஓடிவருவதும், இறுதியில் ஒரு டாலெக்கே கம்பிகளின் மீது ஏறி மின்சுற்றை முடித்துவைப்பதும் கதையின் குறும்பு. தயங்கியது சரியா என்று இன்றளவும் வாதிடுகிறார்கள். தயங்கியதற்காக அவரை வெறுத்தவர்கள் மிகக் குறைவு.

தயக்கமில்லாக் கணக்குக்கும் ஒரு கதை உண்டு. டாம் காட்வின் 1954ஆம் ஆண்டில் எழுதிய குளிர்ந்த சமன்பாடுகள் என்னும் கதையில், அண்ணனைப் பார்க்கும் ஆசையில் மருந்து ஏற்றிச்செல்லும் சிறுகலத்தில் ஒளிந்துகொண்ட பதினெட்டு வயதுப் பெண்ணை, அவளுடைய எடைக்கு எரிபொருள் போதாது என்பதனால், கலவோட்டி விண்வெளியில் இறக்கிவிட நேர்கிறது. அவளைக் காப்பாற்றும் வழியை எழுத்தாளர் தேடித்தேடி எழுத, இதழாசிரியர் கேம்ப்பெல் கதையைத் திரும்பத் திரும்ப அனுப்பி அவளைச் சாகச் செய்தார் என்பார்கள். வாசகர்கள் ஏற்றார்களா? எழுபது ஆண்டுகளாகச் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதவுக்கு ஒரு பூட்டுப் போடாதவன் யார், ஒரு துளி எரிபொருளை மிகுதியாக வைக்காதவன் யார் என்று கேட்கிறார்கள். இயற்கை விதியின் பெயரால் மனிதரின் அலட்சியம் ஒளிந்துகொள்வதை அவர்கள் பொறுக்கவில்லை. இவர்களுடைய பிடிவாதம் இலக்கிய நோக்கில் சற்றே குழந்தைத்தனமானது என்று திறனாய்வாளர் சொல்லலாம். பொறியாளர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

இந்த வியப்பெல்லாம் அரங்கை விட்டு வெளியேறியதும் கரைந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. 1968ஆம் ஆண்டு ஜனவரியில், ஸ்டார் ட்ரெக்கை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி கேட்டுக் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஊர்வலம் போனார்கள். கடிதங்கள் மூட்டைமூட்டையாகக் குவிந்தன. தொடர் மேலும் ஓராண்டு வாழ்ந்தது. அத்தொடரில் தகவல்தொடர்பு அதிகாரி உகுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் விலக எண்ணியபோது, விலகவேண்டாம் என்று மார்ட்டின் லூதர் கிங் தம்மிடம் கேட்டுக்கொண்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பணிப்பெண்ணாகவோ ஏவலாளாகவோ அல்லாமல், மதிப்புடைய அதிகாரியாகக் கருப்பினப் பெண்ணொருத்தி அங்கே அமர்ந்திருந்தாள். சிறுமியாக அவளைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992ஆம் ஆண்டில் எண்டெவர் விண்ணோடத்தில் பறந்து, விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணானார். அங்கிருந்து தம் பணியைத் தொடங்கும்போது உகுராவின் வாசகத்தையே சொன்னார். அடுத்த ஆண்டு அதே ஸ்டார் ட்ரெக் வரிசையில் ஒரு சிறு வேடமும் ஏற்றார்.

இனி, இந்த உரைக்கு மிகப்பெரிய இடையூறாக நிற்கும் ஒரு கதையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1998ஆம் ஆண்டில் வந்த ஸ்டார் ட்ரெக் கதையொன்றில், கேப்டன் சிஸ்கோ தோற்றுக்கொண்டிருக்கும் போரில், ஒதுங்கி நிற்கும் ரோமுலர் என்னும் வேற்றினத்தாரைத் தம் பக்கம் இழுக்க ஒரு பொய்ச்சான்றைத் தயாரிக்கிறார். அது பொய்யென்று கண்டுபிடித்த ரோமுலரின் கலத்தை, சிஸ்கோ ஏவாமலே, அவருடைய கூட்டாளி வெடிவைத்துத் தகர்த்துவிடுகிறான். எரிந்த சிதைவுகளிடையே கிடைத்த சான்றின் குறைகள் வெடிப்பின் விளைவாகவே கொள்ளப்படுகின்றன. ரோமுலர்கள் போரில் குதிக்கிறார்கள். கோடிக்கணக்கான உயிர்கள் பிழைக்கும். நல்லவர்களை வியந்த அதே இரசிகர்கள் இந்தக் கதையைத் தொடரின் உச்சங்களுள் ஒன்றாக வைத்துப் போற்றுகிறார்கள். அப்படியானால் அறத்தின் மீதுள்ள வியப்பு பொய்யா?

கதை சொல்லப்பட்ட முறையில் விடை இருக்கிறது. சிஸ்கோ தம் அறையில் தனியே அமர்ந்து, சீருடையைத் தளர்த்திக்கொண்டு, திரையை நேராக நோக்கி, நடந்தவற்றையெல்லாம் தம் நாட்குறிப்பில் பதிவுசெய்கிறார். பொய் சொன்னதை ஒப்புக்கொள்கிறார், கொலைக்கு உடந்தையானதை ஒப்புக்கொள்கிறார், ஒவ்வொரு படியிலும் எங்கே வழுக்கினார் என்று காட்டுகிறார். தண்டிப்பார் எவருமில்லை, கண்டுபிடிப்பார் எவருமில்லை, பிளேட்டோவின் மோதிரம் அவர் விரலில் இருக்கிறது. ஆயினும் அவரால் கணக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதனோடு வாழ்ந்துவிட முடியும் என்று தமக்குத்தாமே இருமுறை சொல்லிக்கொள்கிறார், இரண்டாம் முறை குரல் உறுதிப்படவில்லை. பிறகு அந்தப் பதிவை அழிக்கும்படி கணினிக்கு ஆணையிடுகிறார். அவருடைய உலகில் அந்த வாக்குமூலத்தைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. கேட்டவர்கள் தொலைக்காட்சிக்கு இப்பால் அமர்ந்திருந்தவர்கள் மட்டுமே. அவர் செய்தது சரியென்பாரும் தவறென்பாரும் கால்நூற்றாண்டுக்கு மேலாகியும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் குற்றவுணர்ச்சியே இல்லாமல் சிரித்துக்கொண்டு அதைச் செய்து முடித்த கூட்டாளியின் பெயரால் எந்தத் தரப்பாரும் வாதிடுவதில்லை.